24 மணித்தியாலத்துக்குள் பதிவு செய்யவும்

2018 செப்டெம்பரில் ஒருநாள் இரவு குவாங்சோவில் போய் இறங்கினேன். முதுமாணிப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. விடுதி திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்ததால் எங்கட ஊர் அண்ணா ஒருவருடைய வாடகை வீட்டில் தங்கினேன். அடுத்தநாள் காலமை பசியோட எழும்பி, "அண்ணா, சாப்பிட என்ன இருக்கு?" எண்டு கேட்டன். அவர் என்ர பாஸ்போர்ட்டைக் கேட்டார். "சாப்பாடு பிறகு தம்பி. முதல் பொலிஸ்."

சீனாவில் ஹோட்டல் தவிர்ந்த வேறெந்த இடத்தில் தங்கினாலும் ஒரு வெளிநாட்டவர் 24 மணித்தியாலத்துக்குள் அந்தப் பகுதிப் பொலிசில் பதிய வேண்டும். ஹோட்டல் எண்டால் அவர்களே பதிந்துவிடுவார்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இது. பதியாவிட்டால் எச்சரிக்கை, 2,000 யுவான் வரை தண்டப்பணம். வீடு மாறினால் திரும்பப் பதிய வேணும். ஊருக்குப் போட்டு வந்தால் திரும்பப் பதிய வேணும். அண்ணாவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த பெண் நல்ல மனுசி. பிரச்சினை என்ர பேரில்தான் வந்தது. சீனப் பேர் இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று. என்ர அப்பாவின் பேர் மட்டும் ஆங்கிலத்தில் 15 எழுத்து. அதுக்குப் பின்னால என்ர பேர் 11 எழுத்து. கணினியில் இருந்த பெட்டிக்குள் அது அடங்கவில்லை. எது குடும்பப் பேர், எது சொந்தப் பேர் எண்டு அண்ணாவிடம் கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பேரே இல்லை, அது அப்பான்ர பேர் எண்டு அண்ணா விளங்கப்படுத்த, அவர் சிரித்துவிட்டு அப்பாவின் பேரைப் பாதியில் வெட்டி ஒரு தாளை அச்சடித்துத் தந்தார். அந்தத் தாளின்படி குவாங்சோவில் நான் அரைவாசி அப்பாவின் மகன்.

அன்று பின்னேரம் அம்மா எடுத்தா. போய்ச் சேர்ந்தியோ, சாப்பிட்டியோ எண்டெல்லாம் கேட்கவில்லை. "பொலிசில பதிஞ்சாச்சோ?"

அம்மாவுக்குச் சீனச் சட்டம் ஒண்டும் தெரியாது. அவவுக்குத் தெரிந்தது கொழும்பு.

*

ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்கிற கேள்வி, "சீனா எப்பிடி மச்சான்?" கேட்கிற ஆக்களிட்ட இரண்டு பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஒன்று, "அங்க எல்லாம் ரோபோவாமே, காசே இல்லையாமே, நாங்கள் இன்னும் பஸ்ஸில மிச்சக்காசுக்கு அடிபடுறம்" என்கிற வாய்பிளப்பு. மற்றது, "எல்லா இடமும் கமராவாமே, மூச்சு விடேலாதாமே" என்கிற பயம். யூரியூப்பில் இரண்டுக்கும் வேண்டிய அளவு வீடியோ இருக்கு. இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனால் ஒரு நகரத்தில் மூன்று வருசம் உடுப்புத் தோய்த்து, வாடகை கட்டி, காய்ச்சல் வந்து படுத்து எழும்பின ஆளுக்கு அந்த இரண்டு பதிலும் போதாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெண்டால் அது பொய்யில்லை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வரலாம். என்னோட படித்த பெண்பிள்ளைகளும் வந்தார்கள், பயப்படாமல். மெட்ரோ நேரத்துக்கு வரும். புலமைப்பரிசிலில் மாதம் 3,000 யுவான் வந்தது. சமைத்துச் சாப்பிட்டால் காணும். சாப்பாடும் எங்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. காலமையில் அவர்கள் குடிக்கிற அரிசிக் கஞ்சியைக் கண்டதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அந்தக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் சொல்லுகிற 'கொன்ஜி' எங்கட 'கஞ்சி'யிலிருந்து போன சொல்தான். கன்ரனீஸ் ஆட்கள் பழகத் தொடங்கினால் நன்றாகப் பழகுவார்கள். எங்கட தெரு மூலையில் பழக்கடை வைத்திருந்த ஐயா, ஒவ்வொரு முறையும் ஒரு தோடம்பழம் கூடப் போட்டுத் தருவார்.

அப்ப என்ன பிரச்சினை? பிரச்சினை அந்தப் பெட்டிதான். என்ர பேர் அடங்காத பெட்டி.

சீனக் குடிமகன் ஒருவருக்கு 18 இலக்க அடையாள எண் இருக்கு. வங்கி, சிம் கார்ட், ரயில் ரிக்கற், ஆஸ்பத்திரிப் பதிவு, வாடகைச் சைக்கிள் எல்லாம் அந்த எண்ணைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கு. கடவுச்சீட்டு இலக்கம் அதற்குள் பொருந்தாது. குவாங்சோ தெற்கு ரயில் நிலையத்தில் சீனர்கள் அடையாள அட்டையை வைத்துவிட்டு வாசலைக் கடந்து போவார்கள். நாங்கள் மூலையில் ஆள் நிற்கிற வாசலைத் தேடிப் போக வேணும். வங்கியில் என்ர பேர் இடைவெளியோடு இருந்தது; போன் கொம்பனியில் இடைவெளி இல்லாமல் இருந்தது. இரண்டும் பொருந்தாததால் மூன்று கிழமை வீசாட்டில் காசு கட்ட முடியவில்லை. காசைத் தாளாக நீட்டினால் கடைக்காரப் பெடியன் மாற்றித் தரச் சில்லறை இல்லாமல் தலையைச் சொறிவான். உலகத்திலேயே காசு கட்ட ஆகச் சுகமான நகரத்தில், கையில் காசு இருந்தும் ஒரு தேத்தண்ணி வாங்க ஏலாமல் நிண்டிருக்கிறன்.

இதைச் சொன்னால் "இதெல்லாம் சின்னப் பிரச்சினை, இப்ப சரிப்பண்ணிப்போட்டாங்கள்" எண்டு சொல்லுவார்கள். உண்மைதான். 2019 நவம்பரில் வெளிநாட்டுக் கடன் அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் இணைக்க வழி செய்தார்கள். 2024இல் ஒரு தடவை கட்டக்கூடிய உச்சத் தொகையை 1,000 டொலரிலிருந்து 5,000 டொலராக்கினார்கள். வெளிநாட்டவருக்கு அறை இல்லையெண்டு ஹோட்டல்கள் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதே வருசம் அரசாங்கமே சொன்னது. எல்லாம் நல்ல மாற்றம். ஆனால் இந்த மாற்றங்கள் யாருக்காக வந்தன என்று பாருங்கோ. கடன் அட்டையோடு பத்து நாள் சுற்றிப் பார்க்க வருகிற ஆளுக்கு. அங்கேயே கிடந்து படிக்கிற, உழைக்கிற, பிள்ளை வளர்க்கிற ஆளுக்கு வேறு பெட்டிகள் இருக்கு. அந்தப் பெட்டிகளில் சில எழுதப்பட்டவை, சில எழுதப்படாதவை.

*

எழுதப்பட்டதை முதலில் பார்ப்போம். 2017இலிருந்து சீனாவில் வெளிநாட்டுப் பணியாளர்களை ஏ, பி, சி என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் உயர்தரத் திறமைசாலி, பி என்றால் தொழில்வல்லுநர், சி என்றால் மற்றவர்கள். சம்பளம், பட்டம், வயது, சீன மொழி அறிவு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுத் தரம் பிரிக்கிற முறை. சரி, ஒவ்வொரு நாடும் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் செய்கிறது.

எழுதப்படாத பெட்டி தோல். ஆங்கிலம் படிப்பிக்கிற வேலைக்கு 'வெள்ளை' ஆள் தேவை என்று வெளிப்படையாகக் கேட்கிற விளம்பரங்களை நான் வீசாட் குழுக்களில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த உகண்டாப் பெண் ஒருத்தி, நேசரியிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவள், ஒரு பாலர் பாடசாலைக்குப் போனில் கதைத்து வேலை உறுதியாகி, படம் அனுப்பின பிறகு வேலை இல்லாமல் போனது. அந்த இடத்துக்கு வந்தது கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த ஒரு பெடியன். நல்லவன். அவனுடைய பாடக் குறிப்பை அவள்தான் திருத்திக் கொடுத்தாள், காசுக்கு.

எங்கட நிறம் நடுவில். மண்ணிறம். எங்களை 'இந்துரன்', அதாவது இந்தியர், என்பார்கள். யோகா தெரியுமா, ஆமிர் கான் தெரியுமா என்று கேட்பார்கள். நாங்களும் அந்த நடு இடத்தில் சுகமாக இருந்துகொண்டோம். மேலே ஏற ஏலாது, ஆனால் கீழே ஒரு படி இருக்கு எண்டது ஒரு ஆறுதல். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாட்' என்று ஒரு சொல் இருக்குத்தானே. குவாங்சோவின் தியன்ஹே பகுதியில், கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கீழே கோப்பி குடிக்கிற வெளிநாட்டவருக்கு அந்தப் பேர். அங்கிருந்து மெட்ரோவில் கொஞ்ச நேரம் போனால் சியாவ்பெய். அங்கே கானா, நைஜீரியா, மாலி, கொங்கோ ஆட்கள் துணியும் போனும் சப்பாத்தும் மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றுவார்கள். ஹலால் கடைகள், அரபு எழுத்துப் பலகைகள், பொதி கட்டுகிற பிளாஸ்ரர் சத்தம், காசு மாற்றுகிற ஆட்கள். அவர்களுக்கு 'எக்ஸ்பாட்' என்று ஒருவரும் பேர் வைக்கவில்லை. அவர்களைப் பற்றிய செய்தியில் வருகிற சொல் 'சான் ஃபெய்': மூன்று சட்டவிரோதம். சட்டவிரோதமாக வந்தவர், சட்டவிரோதமாகத் தங்கினவர், சட்டவிரோதமாக வேலை செய்பவர். இரண்டு இடத்து ஆட்களும் செய்தது ஒரே காரியம்தான்: சொந்த நாட்டை விட்டுப் பிழைக்க வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை என்னெண்டால், குவாங்சோவை வளர்த்ததே வெளிநாட்டு வியாபாரிகள்தான். தாங் அரசர் காலத்திலேயே அரபு, பாரசீக வியாபாரிகளுக்கு அங்கே தனிக் குடியிருப்பு இருந்தது. சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று அந்த நகரத்தில்தான் நிற்கிறது. 1757இலிருந்து 1842 வரை ஐரோப்பியரின் கடல் வியாபாரம் முழுக்க அந்த ஒரு துறைமுகத்தில் மட்டும்தான். அப்பவும் அவர்கள் நகர மதிலுக்குள் வரக்கூடாது, ஆற்றங்கரையில் ஒதுக்கின இடத்தில்தான் இருக்க வேணும். எங்கட ஆட்களும் சும்மா இருக்கவில்லை. வடக்கே போனால் வருகிற சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கு, கீழே சீன எழுத்தோடு. ஆக, சரக்கு வரட்டும், ஆள் எங்கே நிற்க வேண்டுமென்று நாங்கள் சொல்லுவோம் என்கிற கதை பழசு.

*

2020 ஏப்ரலுக்கு வருகிறேன்.

அப்போது நான் விடுதியை விட்டு வெளியே வந்து, சியாவ்பெய்க்குக் கிட்ட, நகரத்துக்குள் அகப்பட்ட ஒரு பழைய கிராமத்தில் அறை எடுத்திருந்தேன். அந்தக் கட்டடங்கள் அவ்வளவு நெருக்கம்; இந்த யன்னலிலிருந்து அந்த யன்னலுக்குக் கை குடுக்கலாம். சீனர்களே அவற்றைக் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்றுதான் சொல்லுவார்கள். எனக்குக் கீழ்மாடியில் கானாவிலிருந்து வந்த ஒரு பெடியன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது கூட. படிப்பு முடித்து சப்பாத்து ஏற்றுமதி செய்தவன். என்ர குக்கர் பழுதான நேரம் அவன்தான் திருத்தித் தந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சமைக்கிற மீன் குழம்பின் வாசம் மேலே வரும். நான் கோப்பையோட இறங்குவேன். எங்கட குழம்புக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்லை, தேசிக்காய்தான் குறைவு.

மார்ச் 28இலிருந்து வெளிநாட்டவர் நாட்டுக்குள் வருவதைச் சீனா நிறுத்தியது. அப்ப வெளியிலிருந்து வந்த கொரோனாத் தொற்றுகளில் ஏறக்குறைய 90 வீதம் ஊர் திரும்பின சீனக் குடிமக்கள்தான் எண்டு அரசாங்க அதிகாரிகளே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஏப்ரல் தொடக்கத்தில், சியாவ்பெய் இருக்கிற யுவேசியு மாவட்டத்தில் சாப்பாட்டுக்கடை ஒன்றோடு தொடர்புபட்ட ஐந்து நைஜீரியர்களுக்குத் தொற்று வந்த செய்தி பரவினதும், பயம் ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டது. பயணமே போகாத ஆபிரிக்கர்களையும் கட்டாயமாகச் சோதித்தார்கள், வீட்டுக்குள் அடைத்தார்கள். வீட்டுக்காரர்கள் வெளியேற்றினார்கள், ஹோட்டல்கள் கதவைச் சாத்தின. பெட்டிகளோடு ஆட்கள் தெருவில் படுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின. கறுப்பின ஆட்களுக்கு அனுமதி இல்லையெண்டு ஒரு துரித உணவுக்கடையில் வைத்த அறிவித்தல் வீடியோவாக வந்து, அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பெய்ஜிங்கிலிருந்த ஆபிரிக்கத் தூதுவர்கள் சேர்ந்து சீன வெளிநாட்டமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். நகர நிர்வாகத்தின் கணக்குப்படியே குவாங்சோவில் இருந்த 4,553 ஆபிரிக்கரைச் சோதித்ததில் தொற்று இருந்தது 111 பேருக்கு.

எங்கட தெற்காசிய மாணவர் குழுவில் அண்டைக்கு வந்த தகவல்கள் இன்னும் ஞாபகம். "வெளிய போகேக்க பாஸ்போர்ட் கொண்டு போங்கோ." "இலங்கையெண்டு சொல்லுங்கோ, தெளிவாச் சொல்லுங்கோ." பிறகு ஒருவர் போட்டார்: "நாங்கள் ஆபிரிக்கர் இல்லையெண்டு சீன மொழியில எப்பிடிச் சொல்லுறது?" இன்னொருவர் உடனே எழுதிப் போட்டார், உச்சரிப்போட. பெருவிரல் உயர்த்தி நன்றி சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தன். அந்த வசனத்தைப் பாடமாக்கினன்.

அடுத்தநாள் பொழுதுபடக் கதவு தட்டுப்பட்டது. கீழ்மாடிக்காரன். இரண்டு சூட்கேஸ், ஒரு அரிசிப் பை. வீட்டுக்கார அம்மா இரவுக்குள் வெளிக்கிடச் சொல்லிவிட்டா. வாடகை மாதக் கடைசி வரைக்கும் கட்டியிருந்தது. ஜனவரியிலிருந்து அவன் குவாங்சோவை விட்டு வெளியே போகவேயில்லை. "ஒரு இரவு மட்டும்," என்றான். "நாளைக்கு எங்கட சங்கத்து ஆட்களோட கதைச்சு வேற இடம் பாக்கிறன்."

நான் என்ன சொன்னன் தெரியுமோ? "எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனா உன்ர பதிவு இந்த அறைக்கு இல்லையே. பதிவில்லாமல் ஆளை வச்சிருந்தால் ரெண்டு பேருக்கும் பிரச்சினையாகும்."

சட்டப்படி பார்த்தால் நான் சொன்னது சரிதான். அதுதான் அதில் இருக்கிற அசிங்கம். நான் பயந்தேன். வீட்டுக்கார அம்மா என்னையும் அனுப்பிவிடுவா எண்டு பயந்தேன், விசா போயிடும் எண்டு பயந்தேன், அவனிட்ட உண்மையிலேயே நோய் இருக்குமோ எண்டும் பயந்தேன். ஆனால் "பயமாயிருக்கு மச்சான்" எண்டு சொல்லத் தேவை வரவில்லை. அந்தப் பயத்துக்குப் போர்த்திவிட ஒரு தாள் இருந்தது, 24 மணித்தியால விதி இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அரிசிப் பையை என்ர வாசலில் வைத்துவிட்டு, "இதை வச்சிரு, தூக்க ஏலாது," எண்டான். அந்த இரவு அவன் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே இருந்தான். பிறகு பிடித்துக்கொண்டுபோய் ஒரு ஹோட்டலில் 14 நாள் அடைத்தார்கள். சோதனையில் நோய் இல்லை.

*

இந்தக் கதையைச் சொன்னால் மூன்று விதமான பதில் வரும். மூன்றுக்கும் நான் யோசித்திருக்கிறேன்.

ஒன்று: "எந்த நாடும் வெளிநாட்டவரைப் பதியத்தானே செய்யும்?" செய்யும். பதிவைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. எத்தனையோ நாடுகளில் முகவரி பதிய வேணும். என்ர கேள்வி, அந்தப் பதிவை ஆர் ஆரிட்டக் கேட்கிறார்கள் எண்டது. மூன்று வருசத்தில் தெருவில் மறித்து என்ர கடவுச்சீட்டைக் கேட்டது இரண்டே தடவை. கானாக்காரன் எண்ணுறதையே விட்டிட்டான். 2009இல் ஒரு நைஜீரிய வியாபாரி குவாங்சோவில் கடவுச்சீட்டுச் சோதனைக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்துப் படுகாயமடைய, அவருடைய ஆட்கள் பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் திரண்டு போராடினார்கள். 2011இல் குவாங்தொங் மாகாணம் போட்ட விதி, சட்டவிரோதமாக இருக்கிற வெளிநாட்டவரைப் பற்றித் தகவல் கொடுக்கப் பொதுமக்களையே ஊக்குவித்தது. ஒரே சட்டம்தான், சிலருக்கு அது கோப்புக்குள் கிடக்கிற தாள், சிலருக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கிற காலடிச் சத்தம்.

இரண்டு: "வெளிநாட்டு மாணவருக்குச் சீனாவில் ராசமரியாதை, நீங்கள் குறை சொல்லக்கூடாது." இதிலும் உண்மை இருக்கு. விடுதியில் எங்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு அறை, ஏசி. அதே வளாகத்தில் சீன மாணவர்கள் நாலு பேர், ஆறு பேர் ஒரு அறையில். அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். 2020 பெப்ரவரியில், வெளிநாட்டவருக்கு நிரந்தர வதிவிடம் கொடுக்கிறதை இலகுவாக்கும் சட்டவரைபு ஒன்றை வெளியிட்டு அரசாங்கம் கருத்துக் கேட்டபோது, இணையத்தில் எழும்பின எதிர்ப்பில் அந்தக் கோபமும் இருந்தது. ஆனால் அது எவ்வளவு பேருக்காக எழும்பின கோபம்? 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி 141 கோடிச் சனத்துக்குள் வெளிநாட்டவர் 845,697 பேர். பத்தாயிரம் பேருக்கு ஆறு பேர். அதற்குள்ளும் ஆபிரிக்கர் மீதுதான் ஆக மோசமான வார்த்தைகள் விழுந்தன.

மூன்றாவதுதான் முக்கியம்: "அது சீனர்களின்ர குணம் மச்சான்." இல்லை. இதே குவாங்சோவில் 2003 மார்ச்சில் சுன் ஷிகாங் என்று 27 வயதுப் பெடியன், ஹுபெய் மாகாணத்திலிருந்து வேலைக்கு வந்த வடிவமைப்பாளன், இரவு வெளியே போன இடத்தில் தற்காலிக வதிவிடத் தாள் கையில் இல்லாததால் பொலிசாரிடம் பிடிபட்டான். மூன்று நாளில், அடைத்து வைத்த இடத்தில் அடிபட்டுச் செத்தான். அவன் சீனன். சொந்த நாட்டுக்குள்ளேயே அவனுக்குத் தாள் தேவைப்பட்டது, ஏனெண்டால் கிராமத்துப் பதிவுள்ள ஆள் நகரத்தில் அரைக் குடிமகன். குவாங்சோப் பத்திரிகை ஒன்று அதை வெளிக்கொண்டுவந்தது. சனம் கொதித்தது, சட்ட அறிஞர்கள் மனுக்கொடுத்தார்கள், அந்த வருசமே அந்தத் தடுத்துவைக்கும் முறையை அரசாங்கம் ஒழித்தது. அதைச் செய்ததும் சீனர்கள்தான். எங்கட பழக்கடை ஐயாவும், 2020 ஏப்ரலில் சாப்பாட்டுப் பொதிகளோட பாலத்துக்குக் கீழே போன சீனப் பிள்ளைகளும் அந்த நகரத்து ஆட்கள்தான்.

அதனால் எனக்குத் தெரிகிறது இதுதான். பதிவுத்தாள் பொலிசின்ர கையில் இருக்கேக்க ஒரு நிர்வாக வேலை. பயம் வந்த நாளில் அது வீட்டுக்காரரின் கைக்கும் பக்கத்து அறைக்காரனின் கைக்கும் போகிறது. சாதாரண ஆட்களைப் பொலிஸாக்குகிறது, நல்ல மனுசருக்குக் கதவைச் சாத்த நல்ல காரணம் ஒன்றைக் கொடுக்கிறது.

*

இதை விளங்கிக்கொள்ள நான் குவாங்சோ மட்டும் போயிருக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் வீடு எடுக்க, லொட்ஜில் தங்க, பொலிஸ் பதிவு எவ்வளவு முக்கியம் எண்டு எங்கட அம்மா அப்பாமாரைக் கேட்டால் சொல்லுவார்கள். 2007 ஜூன் 7 விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300இற்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தக் கிழமை எங்கட சித்தப்பா வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தவர். வீட்டுக்காரர் அவரிடம் சொன்ன வசனம் எங்கட வீட்டில் இண்டைக்கும் சொல்லப்படுகிறது: "எனக்குப் பிரச்சினையில்லைத் தம்பி, ஆனா பதிவில்லாமல் வச்சிருந்தால் எனக்கும் பிரச்சினையாகும்." வீட்டுக்காரரும் தமிழர்தான்.

பதின்மூன்று வருசம் கழித்து அதே வசனத்தை, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், நான் ஒரு கானாக்காரனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

நாங்கள் பாதிக்கப்பட்ட சனம், அதனால் மற்றவர் வலி எங்களுக்கு இயல்பாக விளங்கும் எண்டு நாங்கள் அடிக்கடி மேடையில் சொல்லுவோம். விளங்காது. அதுக்கு முயற்சி எடுக்க வேணும். வலி எங்களுக்குக் கற்றுத் தந்தது சிலவேளை, எப்படியாவது பட்டியலில் ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பதை மட்டும்தான். 2021இல் கௌதாரிமுனையில் சீனக் கடலட்டைப் பண்ணை வந்தபோது, கடற்றொழிலாளர் தங்கட கடலுக்காகக் கேட்ட கேள்விகள் நூறு வீதம் நியாயம். ஆனால் அந்தக் கேள்விகளுக்குக் கீழே முகப்புத்தகத்தில் எங்கட பெடியள் எழுதினதையும் வாசித்தேன்: நாய் தின்னி, வௌவால் தின்னி, நோய் கொண்டு வந்தவங்கள். அங்கே வேலைக்கு வந்த சீனத் தொழிலாளியும் எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து, சரியான தாளைத் தேடித் திரிகிற ஒருவனாக இருக்கலாம். ஒப்பந்தத்தை எதிர்ப்போம், ஒப்பம் வைத்தவர்களைக் கேள்வி கேட்போம். ஆளின் முகத்தில் துப்புகிறது வேறு விசயம்.

சீனாவுக்குப் படிக்கப் போக இருக்கிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் ஆலோசனை கேட்பார்கள். போங்கோ, கட்டாயம் போங்கோ. முதல் நாளே பொலிசில் பதியுங்கோ. எல்லாப் பத்திரத்திலும் பேரை ஒரே மாதிரி எழுதுங்கோ, இடைவெளி உட்பட. சீன மொழி படியுங்கோ, மொழி தெரிந்தால் பாதிப் பெட்டி திறக்கும். கோப்பிக் கடைகளோடு நிற்காமல் சியாவ்பெய் மாதிரி இடங்களுக்கும் போய்ச் சாப்பிடுங்கோ. அங்கே ஆர் நிம்மதியாக இருக்கினம், ஆர் தோளுக்குப் பின்னால் பார்த்துப் பார்த்துச் சாப்பிடினம் எண்டு கவனியுங்கோ. 'நாங்கள் அவர்கள் இல்லை' எண்ட வசனத்தை மட்டும் எந்த மொழியிலும் படிக்காதேங்கோ.

கீழ்மாடிக்காரனோடு இப்பவும் தொடர்பு இருக்கு. அவன் இப்ப அக்ராவில். 2021இல் நான் ஊருக்கு வெளிக்கிடமுதல் அவனிட்ட மன்னிப்புக் கேட்டன். அவன் சிரிச்சுப்போட்டு, "நீயும் பயந்தாய், எல்லாரும் பயந்தவை," எண்டான். பிறகு கேட்டான்: "அந்த அரிசியை என்ன செய்தாய்?"

சமைச்சுச் சாப்பிட்டிட்டன் எண்டு சொன்னன். அதுவும் உண்மைதான்.